நாய்க்குட்டி கடிக்கிறதா? வீட்டுக்கு வந்த நாள் முதல் ஏழாம் மாதம் வரை செய்ய வேண்டியவை

புதுக் குட்டி வந்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது. கையெல்லாம் கீறல், சாரத்தின் ஓரம் கிழிசல், சின்னப்பிள்ளை கதிரையில் ஏறி நின்று அழுகை. "இது கடிநாய், கொண்டுபோய் விட்டுவிடு" என்று அயலில் யாராவது சொல்லியும் இருப்பார்கள். அவசரப்படாதீர்கள். எட்டுக் கிழமைக் குட்டிக்குக் கை இல்லை. எதையும் எடுத்துப் பார்ப்பதும், விளையாட வா என்று கூப்பிடுவதும், களைப்பைக் காட்டுவதும் வாயால்தான். ஒழுங்காகக் கையாண்டால் ஐந்தாறு மாதத்தில் அடங்கும். அடித்தால் வேறு விதமான கடியாக மாறும்.

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதன்முதலாகக் குட்டி வளர்ப்பவர்களுக்கு, செய்யவேண்டிய ஒழுங்கிலேயே இதைத் தருகிறோம். அவசரத்தில் இருப்பவர்கள், குறிப்பாகக் கடிபட்டுத் தோல் கிழிந்தவர்கள், நேரே 8ஆம் பகுதிக்குப் போங்கள்.

1. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள்

வயது விஷயத்தில் கொடுத்தவரின் வாய்ச்சொல் போதாது. "இரண்டு மாசம்" என்று சொல்லித் தரும் குட்டிகளில் சில ஐந்து கிழமைகூட ஆகாதவை. பால்பற்கள் மூன்றாம் கிழமையளவில் முளைக்கத் தொடங்கி, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் 28 பல்லும் வந்துவிடும். முன்பற்களும் வேட்டைப்பற்களும் மட்டும் தெரிந்து, கடைவாய்ப் பக்கம் முரசு வெறுமையாக இருந்தால், அது தாயை விட்டுப் பிரிக்கிற வயதில்லை.

எட்டுக் கிழமை முடியும்வரை தாயோடு விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடப்பிறந்ததை ஓங்கிக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது அழுத்திக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் மற்றவருக்கு நோகும் என்ற கணக்கு இந்த நாட்களில்தான் படிகிறது. நாலு கிழமையில் தூக்கி வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும். முடியாத காரியமில்லை, நாள் கூடுதலாக எடுக்கும்.

பிறகு வருவது பல் மாறும் காலம். மூன்றரை, நாலு மாதமளவில் முன்பற்கள் விழத் தொடங்கும். ஐந்து, ஆறு மாதத்தில் வேட்டைப்பற்கள் மாறும். ஏழு மாதமளவில் 42 நிலைப்பற்களும் இருக்கும். இந்தத் திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நாலாம் மாதத்தில் கடி திடீரென்று கூடும்போது "இவ்வளவு பழக்கியும் வீணாய்ப் போச்சு" என்று கைவிடாமல் இருக்க அது உதவும். விளையாட்டுச் சாமானில் இலேசான இரத்தக்கறை, நிலத்தில் அரிசிமணி அளவில் ஒரு பல் இரண்டும் இயல்பானவை. பழைய வேட்டைப்பல் விழாமல் பக்கத்திலேயே புதியது வளர்ந்து, இரண்டும் ஒட்டி நின்றால் மட்டும் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

2. அட்டையும் ஊசியும்

கடி பற்றிய கட்டுரையில் ஊசி எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் குட்டி அயல்வீட்டுப் பிள்ளையைக் கீறினால் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது. "போட்டதுதான்" என்ற பதில் அங்கே செல்லாது. திகதி எழுதிய தடுப்பூசி அட்டை வேண்டும்.

விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அதாவது எம்.ஓ.எச். ஒபிசில், அடுத்த முகாம் எந்த நாள், எந்த இடம் என்று கேளுங்கள். முகாம்வரை காத்திருக்க முடியாவிட்டால் கால்நடை வைத்தியரிடம் போடலாம். முதல் ஊசியின் திகதியை வைத்தியர் வயதைப் பார்த்துச் சொல்வார். மிகச் சின்ன வயதில் போட்ட ஊசி ஒன்றோடு காரியம் முடியாது. திரும்பப் போட வேண்டும், அதன்பின் வருடாவருடம். ஒரே ஒரு ஊசி போட்ட குட்டியை முழுப் பாதுகாப்புள்ள நாயாக ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கணக்கெடுக்கமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் உள்ள ஊசிகள் காசு கொடுத்துப் போடுபவை. ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமை இடைவெளியில் பதினாறாம் கிழமைவரை போகும். விலை மருந்தின் பெயரைப் பொறுத்து மாறும். அத்தனை ஊசிக்கும் சேர்த்து எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு அந்தக் காசை ஒதுக்கிவிடுங்கள். பலர் முதல் ஊசியோடு நின்றுபோவது இதில்தான். ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் நிலத்தில் இறக்கிவிட வேண்டாம். அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்க வேண்டாம். தூக்கிக்கொண்டு கடைத்தெருவையும் ஓட்டோவையும் மனிதர்களையும் காட்டுங்கள். பன்னிரண்டு, பதினாலு கிழமைக்குள் பார்த்துப் பழகாதவற்றுக்குப் பின்னால் பயப்படும். பயந்த நாய் கடிக்கும்.

அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவு செய்வதும் சட்டப்படி அவசியம். அங்கேயும் இந்த அட்டை தேவைப்படும்.

3. எப்போது கடிக்கிறது என்று எழுதுங்கள்

குளிரூட்டிப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். மூன்று நாளைக்கு, ஒவ்வொரு மோசமான கடிக்கும் நேரம், அதற்கு முன் கடைசியாக எப்போது படுத்தது, யார் கூட இருந்தது என்று மூன்றே விஷயம் எழுதினால் போதும். அநேகமான வீடுகளில் ஒரே படம்தான் வரும்: எழும்பி ஒரு மணித்தியாலம் கழிந்தபின், சாப்பாட்டுக்குச் சற்று முன், பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் நேரம், பின்னேரம் ஐந்தரையிலிருந்து எட்டுவரை. அந்த மாலைநேரத்தைத்தான் எல்லாரும் "பேய் பிடிச்சிட்டுது" என்பார்கள். காது பின்னுக்குப் படிந்து, கண்ணின் வெள்ளை தெரிய, வட்டமாய் ஓடும். நடுவில் வெறும் காற்றைக் கடிக்கும். கையை நீட்டினால் முழுப் பலத்தோடு பாயும். அது களைத்துப்போன குட்டி. அந்த நேரத்தில் பந்தை எறிந்து "இன்னும் ஓடவிட்டுக் களைப்பாக்குவோம்" என்று நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை.

4. நித்திரையைச் சரிசெய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு 18 முதல் 20 மணித்தியால நித்திரை வேண்டும். ரிவி ஓடும், ஆட்கள் வந்துபோகும், பிள்ளைகள் தூக்கித் தூக்கி விளையாடும் வீட்டில் அதில் பாதிதான் கிடைக்கும். கிடைக்காத மிச்சம் கடியாக வரும்.

கணக்கு இலேசானது. ஒரு மணித்தியாலம் விழிப்பு, ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் படுக்கை. எழும்பியவுடன் வெளியே கொண்டுபோய் மூத்திரம் போகவிடுங்கள். பிறகு சாப்பாடு, பதினைந்து இருபது நிமிட விளையாட்டு, கொஞ்சம் பழக்கம், இன்னொரு தரம் வெளியே, பிறகு படுக்கை. அது தானாகப் போய்ப் படுக்கும் என்று பார்த்திருக்காதீர்கள். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதுமே நீங்கள் கொண்டுபோய் விட வேண்டும். கடிக்கத் தொடங்கியபின் கொண்டுபோனால் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளும்.

படுக்கைக்கு நாலடிக்கு நாலடி இடம் போதும். விறாந்தையின் ஒரு மூலையைப் பலகை வைத்து மறியுங்கள். கோழிவலை வேண்டாம், பல்லும் நகமும் மாட்டும். சாக்கு விரித்தால் நூலை இழுத்து விழுங்கும். பழைய துவாய் நல்லது. தண்ணீர்ப் பாத்திரம் கனமானதாக இருக்கட்டும். முதல் சில நாள் முனகும். பசி இல்லை, மூத்திரம் போய்விட்டது, சூடு இல்லை என்று தெரிந்தால் பத்து நிமிடம் பக்கத்தில் சும்மா இருங்கள். கதைக்க வேண்டாம்.

சூட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் எந்தக் குட்டியும் படுக்காது, நித்திரை கெட்டுப் பின்னேரம் வீட்டையே கடிக்கும். பகல் படுக்கையைச் சீமெந்து நிலத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஊசிகள் முடிந்தபின் உலாவக் கூட்டிப்போவது காலை ஏழு மணிக்கு முன், இல்லாவிட்டால் பொழுதுபட்ட பிறகு. உப்புவெளி மணலானாலும் தார்வீதியானாலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் குட்டியை இறக்காதீர்கள்.

சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. முற்றத்து மரத்தில் கட்டிவிட்டால் கடி நின்றதாகத் தெரியும். கண்ணில் படாமல் இருப்பதால்தான் அப்படி. நாள் முழுவதும் கட்டியிருந்த குட்டி அவிழ்த்தவுடன் முன்னிலும் பலமாகப் பாயும். போவோர் வருவோரைக் கண்டு குரைத்துக் குரைத்து, ஒரு வயதில் நிசமாகவே கடிக்கும் நாயாகும்.

5. பல் படும் அந்த விநாடியில்

கையை இழுக்காதீர்கள். இழுபடும் கை அதற்கு ஓடும் இரை. தோலும் அப்போதுதான் கிழியும். கையைத் தளர்த்தி அசையாமல் வையுங்கள். முகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். பிடி தளர்ந்ததும் கையை மெல்ல எடுத்து, கடிக்கத் தகுந்த சாமானை அதன் வாய்க்கு முன் நிலத்தில் இழுத்து ஆட்டுங்கள். அதைக் கவ்வினால் "நல்ல பிள்ளை" சொல்லி இரண்டு நிமிடம் விளையாடுங்கள்.

அதை விட்டு மறுபடி கைக்கே வந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து பலகைக்கு அந்தப் பக்கம் போங்கள். இருபது, முப்பது விநாடி போதும். ஐந்து நிமிடம் விட்டால் எதற்காகப் போனீர்கள் என்பது அதற்கு மறந்துபோகும். திரும்பி வாருங்கள், அமைதியாகத் தொடருங்கள். மூன்று தரம் எழுந்து போயும் அடங்கவில்லை என்றால் பாடம் முடிந்தது, அதைப் படுக்கையில் விடுங்கள்.

"ஆவ்" என்று குட்டியைப் போலக் கத்தச் சொல்பவர்கள் உண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு நிற்கும். பல குட்டிகள் இன்னும் உசாராகிப் பாயும். இரண்டு தரம் செய்து பாருங்கள், கடி கூடினால் விட்டுவிடுங்கள். மௌனமாய் எழுந்து போவதுதான் எங்கள் அனுபவத்தில் கூடுதலான குட்டிகளுக்கு வேலை செய்கிறது.

சாரத்தையும் பாவாடையையும் பிடித்துத் தொங்கும் குட்டிக்கு வேறு வழி. நடந்தால் துணி ஆடும், ஆடினால் அது விடாது. உடனே நில்லுங்கள். இடுப்பில் செருகிய மூன்றடித் துணிப்பின்னல் ஒன்றை இறக்கி அதைக் கடிக்க விடுங்கள். குட்டி விழித்திருக்கும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இப்படி ஒன்றை வைத்திருந்தால் இரண்டு கிழமையில் மாற்றம் தெரியும்.

ஒரேயடியாக எல்லாக் கடியையும் நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் நோகும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். ஓரிரு கிழமையில் வாய் மென்மையானதும், நடுத்தரமான கடிக்கும் நிறுத்துங்கள். ஐந்து மாதமளவில் தோலில் பல் பட்டாலே நிறுத்துங்கள். இப்படி வளர்ந்த நாய், நாளைக்கு யாராவது இருட்டில் வாலை மிதித்தாலும் அழுத்தாமல் கவ்வி விடும்.

வீட்டில் ஒருவர் மட்டும் கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டு விளையாடினால் மற்றவர்களின் உழைப்பெல்லாம் வீண். அது பெரும்பாலும் வீட்டு இளைஞர்தான். இதை அவரிடம் முதலில் காட்டுங்கள்.

6. வாயில் என்ன கொடுக்கலாம்

பழைய பருத்தித் துவாயை முறுக்கி நடுவில் முடிச்சிட்டு, நனைத்து, ஐஸ் ஆகும்வரை வைத்துக் கொடுங்கள். பல் மாறும் காலத்தில் இதைவிடச் சுகமான சாமான் இல்லை, செலவும் இல்லை. உருகியதும் எடுத்துவிடுங்கள், நூல் பிரிந்தால் எறிந்துவிடுங்கள். குளிர்ந்த முழுக் கரட் நல்லது. கடையில் வாங்கும் இறப்பர்ச் சாமான் குட்டியின் வாயைவிடப் பெரிதாக, நகத்தால் அழுத்தினால் சற்றுப் பதியும் அளவில் இருக்க வேண்டும். நகம் பதியாத கடினம் பல்லை உடைக்கும்.

சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மாங்கொட்டை வழுக்கி உள்ளே போய்க் குடலை அடைக்கும், மாம்பழக் காலத்தில் முற்றத்தைக் கூட்டி வையுங்கள். தேங்காய்த் தும்பையும் கயிற்றையும் விழுங்கினால் வயிற்றில் சுருண்டு கிடக்கும். வெங்காயம் போட்ட கறி, திராட்சை, சொக்கலேற் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்போடு அதற்கு வித்தியாசம் தெரியாது.

கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கரைவலை இழுத்த இடத்தில் குட்டியின் கழுத்து வாரைக் கையிலிருந்து விடாதீர்கள். வலையிலிருந்து எறிந்த பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சு செத்தபின்னும் போகாது. ஒரு வாய் தின்றாலும் உயிராபத்து, உடனே கால்நடை வைத்தியரிடம் ஓட வேண்டும்.

7. பிள்ளைகள், வயதானவர்கள், அயலவர்கள்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையையும் குட்டியையும் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். குட்டி நல்லதா கெட்டதா என்பது இதில் கணக்கில்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஒரே பாடம்: குட்டி பாய்ந்தால் மரம் போல நில், கையைக் கட்டிக்கொள், கத்தாதே, ஓடாதே. குட்டி இல்லாத நேரத்தில் விளையாட்டாகப் பத்துத் தரம் செய்து பழக்குங்கள். தேவை வரும்போது சொல்லிக் கொடுக்க நேரமிருக்காது. பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் முதல் அரைமணி நேரம் குட்டி அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

அம்மம்மா, தாத்தாமாரின் தோல் மெல்லியது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சின்னக் கீறலும் புண்ணாகும். அவர்கள் நடமாடும் நேரத்தில் குட்டி மறிப்புக்குள் இருப்பது நல்லது. தொழுகைக்குப் போகும் அயலவரின் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் மாற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். கேற்றைச் சாத்தி வையுங்கள், ஆள் வரும் சத்தம் கேட்டால் முதலில் குட்டியைத் தூக்குங்கள். நகரத்தில் மான்கள் வீதியோரம் மேயும் இடங்களில் வார் இல்லாமல் கொண்டுபோகவே வேண்டாம். துரத்திப் பழகிய குட்டியைத் திருத்துவது கடியைத் திருத்துவதைவிடக் கடினம்.

8. தோல் கிழிந்துவிட்டால்

வீட்டுக் குட்டிதானே, பால்பல்தானே என்று விடாதீர்கள். விசர்நோய் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. குட்டிகளுக்கும் அது வரும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற முடியாத நோய். நேரத்தோடு ஊசி போட்டால் தடுக்கலாம்.

உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், மூன்று நிமிடமே பதினைந்து மாதிரித் தோன்றும். வீட்டில் பொவிடோன் அயடீன் இருந்தால் பூசுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நகரத்தில் இருப்பவர்கள் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், மற்றவர்கள் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் கிட்டியதற்கும் போகலாம். அரச ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசம். கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இருந்தால் அது, நாயின் தடுப்பூசி அட்டை. கடைசியாக ஏற்பு ஊசி போட்ட வருடத்தையும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில், எப்போது, சீண்டியதால் கடித்ததா சும்மா கடித்ததா என்று கேட்பார்கள். ஊசி தேவையா, எத்தனை என்பதை வைத்தியர் காயத்தையும் நாயையும் பொறுத்துத் தீர்மானிப்பார். திகதிகள் தந்தால் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

குட்டியைக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம். 14 நாள் கட்டுக்காவலில் வைத்துப் பாருங்கள். வாயிலிருந்து எச்சில் வடிதல், தாடை தொங்குதல், பின்னங்கால் தள்ளாடுதல், குரல் மாறுதல், கல்லையும் தடியையும் கடித்தல், இருட்டில் ஒளிதல் போன்றவை தெரிந்தால், அல்லது குட்டி செத்துவிட்டால், கையால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடிபட்டவர் அன்றைக்கே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

9. செய்யக்கூடாதவை

மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அமத்துவது, கையில் மிளகாய்த்தூள் பூசிக்கொண்டு கடிக்கவிடுவது எல்லாம் ஊரில் நடக்கிறவைதான். முதல் இரண்டு நாள் பலன் தெரியும். பிறகு கை வந்தாலே பயப்படும். மருந்து போட, உண்ணி பிடுங்க, காது துடைக்கக் கிட்டப் போனாலும் கடிக்கும். உறுமினதற்கு அடித்தால் உறுமுவதை மட்டும் நிறுத்தும். அடுத்த தரம் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். உறுமல் உங்களுக்கு நல்லது, அதைக் கேட்டதும் விலகிப் போய் என்ன காரணம் என்று பாருங்கள்.

10. விளையாட்டுக் கடி அல்லாத கடி

விளையாடும் குட்டியின் உடம்பு வளைந்து நெளியும், முன்னங்கால் தாழும், வால் தளர்வாக ஆடும். உடம்பு விறைத்து, வாய் மூடி, ஒரே இடத்தை முறைத்துப் பார்த்தபின் வரும் கடி வேறு. சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் அப்படி விறைக்கிறதா? கோப்பையைப் பறித்துப் பழக்காதீர்கள். நாலடி தள்ளி நின்று ஒரு துண்டு மீனை எறிந்துவிட்டுப் போய்விடுங்கள். ஒவ்வொரு வேளையும் செய்து, அது தலை தூக்கி உங்களை எதிர்பார்க்கத் தொடங்கியபின் ஓரடி கிட்டப் போங்கள்.

ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தால் அங்கே நோவு இருக்கிறது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். வயிறு மட்டும் ஊதி, விலா எலும்பு தெரிந்தால் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பன்னிரண்டு கிழமைவரை இரண்டு கிழமைக்கொருமுறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பது வழக்கம், அளவு உடல் நிறையைப் பொறுத்தது.

ஏழு மாதம் கடந்தும் இரத்தம் வருமளவு கடிக்கிறது, அல்லது விறைத்துப் போய்க் கடிப்பது எந்த வயதிலும் இரண்டாம் தரம் நடந்துவிட்டது என்றால் வைத்தியரிடம் காட்ட இன்னும் காத்திருக்காதீர்கள். அங்கே பயத்தில் குட்டி அடங்கி நிற்கும், வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது. ஆகவே தள்ளி நின்று எடுத்த ஒரு நிமிட வீடியோ, ஊசி அட்டை, சாப்பாட்டு நேரமும் நித்திரை நேரமும் எழுதிய தாள் இவற்றைக் கொண்டு, வெயில் ஏற முன் காலையிலேயே போங்கள்.